மூன்று மருந்தும் ஒரே வகையா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சிறுநீர் வந்தால் அடக்க முடியவில்லை என்று ஆக்சிபியூட்டினின் சாப்பிடுகிறார், வாய் ஒரேயடியாக உலர்ந்துபோகிறது. வயிற்றைப் பிடித்து இழுத்தால் வீட்டில் இருக்கும் டைசைக்ளோமினையும் போட்டுக்கொள்வார். சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ள அப்பா டயோட்ரோபியம் இன்ஹேலர் எடுக்கிறார். மூன்றும் ஒரே வகை என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். அப்படியானால் அப்பாவுக்கு மட்டும் ஏன் தொந்தரவே இல்லை?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கடையில் சொன்னது சரிதான். சிறுநீர்ப்பை, குடல், மூச்சுக்குழாய் மூன்றின் சுவரிலும் நம் கட்டுப்பாட்டில் இல்லாத மென்தசை இருக்கிறது. நரம்பு நுனியிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம், அங்குள்ள எம்3 என்ற மஸ்கரினிக் ஏற்பியில் (செல்லின் மேல் அந்த ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் இடம்) போய் ஒட்டினால், செல்லுக்குள் கால்சியம் கூடி தசை சுருங்கும். இந்த மருந்துகள் அந்த ஏற்பியை மறித்துக்கொள்வதால் தசை தளர்கிறது.

ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவுக்கு இல்லை. சிஓபிடியில் மூச்சுக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்த முடிகிற பகுதி பெரும்பாலும் இந்த நரம்பின் வேலைதான், அதனால் அங்கே நல்ல பலன். குடலை அசைக்க வேறு நரம்பு ரசாயனங்களும் இருக்கின்றன, அதனால் பிடிப்பு குறையுமே தவிர அசைவு முழுதாக நிற்காது. இதே வகையில் மருந்துக்கு மருந்தும் மாறும். கண்ணில் பாருங்கள், பாவையை விரிக்க டிராபிகமைடு சொட்டு விட்டால் சில மணி நேரத்தில் சரியாகிவிடும், அட்ரோபின் விட்டால் ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும்.

அப்பாவின் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, ரத்தத்தில் கலப்பது குறைவு, மூளைக்குள் அநேகமாக நுழையாது, எம்3-ஐ விட்டு மெதுவாகவே விலகுவதால் ஒருமுறை எடுத்தால் 24 மணி நேரம் தாங்குகிறது. அம்மாவின் மாத்திரையோ ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அதே எம்3 இருக்கிறது, வாய் உலராமல் என்ன செய்யும்? ஆக்சிபியூட்டினின் மூளைக்குள்ளும் எளிதாகப் போகும், வயதானவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரலாம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அந்த டைசைக்ளோமின்தான். ஒன்று வயிற்றுக்கு, ஒன்று சிறுநீர்ப்பைக்கு என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம், உடம்பில் இரண்டின் விளைவும் ஒன்றாகச் சேர்கிறது. மலச்சிக்கல் வரும், கெட்டிப்பட்ட மலம் சிறுநீர்ப்பையை அழுத்த, எதற்காக மாத்திரை சாப்பிடுகிறாரோ அதே அவசரம் கூடிவிடும்! சளி, அரிப்பு, தூக்கம் என்று கடையில் வாங்கும் சில பழைய மாத்திரைகளிலும் இதே குணம் உண்டு.

எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மூளைக்குள் அதிகம் போகாத ட்ரோஸ்பியம், அல்லது இந்த வகையே இல்லாத மிராபெக்ரான் ஒத்துவருமா என்று கேளுங்கள், பின்னதற்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கண் சிவந்து வலித்து பார்வை மங்கினாலோ, திடீரென்று பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அப்புறம், அப்பாவுக்குப் புராஸ்டேட் வீக்கமோ கண் அழுத்த நோயோ இருந்தால் அவருடைய மருத்துவரிடமும் அதைச் சொல்லிவையுங்கள்.