போனை எங்கே வைப்பது, புத்தகத்தை எப்போது மூடுவது: கேள்வி பதில்

முந்தாநாள் ராத்திரி "பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் அறுபது கேள்விக்கு மேல். அதில் பாதி, பிள்ளை போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறது என்ற ஒரே கேள்விதான். நான் கணக்கு வாத்தியாராக இருந்து, பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் எடுத்தவன். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கோமதி, தென்காசி: மகள் பத்தாவது. ஒரு பாடத்தை ஐந்தாறு தடவை படிக்கிறாள், புத்தகம் முழுக்க மஞ்சள் கோடு. கேட்டால் "எல்லாம் தெரியும்மா" என்கிறாள். பரீட்சையில் ஒன்றும் வரவில்லை. ஞாபக சக்தி குறைவா?

ஞாபக சக்திக்கு ஒரு குறையும் இல்லை அம்மா, அவள் அதற்கு வேலையே கொடுக்கவில்லை. ஆறாவது தடவை புரட்டும்போது பக்கம் பழகிவிடுகிறது. எந்த மூலையில் படம், எங்கே தடித்த எழுத்து எல்லாம் கண்ணுக்குப் பாடம். அந்தப் பழக்கத்தைத்தான் "தெரியும்" என்று நினைத்துக்கொள்கிறாள்.

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சின்னப் பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் நான்கு சுற்றும் படித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு கூட்டம் ஒரு சுற்று படித்தது, மற்ற மூன்று சுற்றும் தாளை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள்தான் முன்னால், 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ். படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. உங்கள் மகள் அந்த முதல் ஐந்து நிமிடத்தை நம்பி ஏமாறுகிறாள்.

இன்றைக்கே தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு பாடம், ஒரு தடவை படிக்கட்டும், புத்தகத்தை மூடட்டும், நினைவில் வருவதை நீலப் பேனாவில் எழுதட்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டதையெல்லாம் சிவப்பில். சிவப்பாக இருப்பது மட்டும்தான் இனி படிக்க வேண்டியது. இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி, ஒரு வாரம் விட்டு மறுபடி. முதல் நாள் அழுகை வரும், பயப்படாதீர்கள்.

ரமேஷ்: வல்லாரை லேகியம் கொடுக்கலாமா?

வல்லாரைத் துவையல் இட்லிக்கு நன்றாக இருக்கும். லேகியத்தைப் பற்றிச் சித்த மருத்துவரைக் கேளுங்கள்.

பெயர் வேண்டாம், ஈரோடு: பிளஸ் ஒன் படிக்கும் பையன். போனை சைலன்ட்டில் போட்டு மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படிக்கிறான். அது போதாதா? கொஞ்சம் விட்டால் ரீல்ஸில் இரண்டு மணி நேரம் போகிறது. மன உறுதியே இல்லை.

2017-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது. எல்லோருடைய போனும் சைலன்ட்தான். சிலருக்கு மேசைமேல், சிலருக்குப் பையில், சிலருக்கு வேறு அறையில். அப்படி வைத்துக்கொண்டு நினைவையும் யோசனையையும் பார்க்கும் தேர்வு எழுதினார்கள். வேறு அறையில் வைத்தவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்தபோது எல்லா இடத்திலும் அதே முடிவு வரவில்லை, அதனால் இதன்மேல் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் போனை அடுக்களையில் வைக்கக் காசா பணமா?

மன உறுதி என்று பையனைத் திட்டாதீர்கள். எப்போதாவது, எந்தக் கணக்கும் இல்லாமல் தீனி விழும் பொத்தானைப் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எப்போதோ காட்டிவிட்டார். ரீல்ஸும் அப்படித்தான், பத்தில் ஒன்றுதான் சிரிப்பு வரும், எந்த ஒன்று என்று தெரியாது. முடிவே இல்லாமல் உருளும் திரையை 2006-ல் உருவாக்கிய ஏசா ராஸ்கின் என்பவரே பின்னால் அதற்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார். பக்கம் முடிந்தால் மனிதன் எழுந்திருப்பான், இதில் பக்கம் முடிவதே இல்லை.

ராத்திரி படுக்கையறைக்குள் போன் வேண்டாம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். அந்த வயதில் உடம்புக்கே தூக்கம் தாமதமாகத்தான் வரும், அதன் மேல் போனையும் கொடுத்தால் தூங்க ராத்திரி ஒரு மணி ஆகிவிடும். பகலில் படித்தது நன்றாகப் பதியவும் தூக்கம் வேண்டும்.

ஒரு அம்மா: மூன்று வயது. போன் காட்டினால்தான் சாப்பிடுகிறான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, 2 முதல் 4 வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பசித்தால் போன் இல்லாமலும் சாப்பிடுவான். இரண்டு நாள் வீடு ரெண்டுபடும்.

சரவணன், பெங்களூரு: சார், கோமதி அவர்களுக்கு நீங்கள் சொன்னது மனப்பாடம்தானே? நம் படிப்பே அதில்தானே கெட்டது? எல்லாம் கூகுளில் இருக்கும்போது தலைக்குள் எதற்கு?

இதற்குப் பதில் எழுதுவதற்குள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலை மனப்பாடம் செய்தவர்கள் முந்திரி, காணி, மா, வீசம் என்ற பழைய பின்னங்களில் கணக்கை வாயாலேயே போட்டார்கள், மனப்பாடத்தைக் கேவலமாகப் பேசாதே என்கிறார். சரவணன் பதிலுக்கு "கிளிப்பிள்ளைகள்" என்றார். அதோடு இன்றைய பொழுது போனது.

ஐயா சொல்வதில் பாதி சரி. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று உடனே வராத பிள்ளை, கணக்கின் நடுவில் அதை யோசிக்கப் போய், எதற்காக யோசித்தோம் என்பதையே தொலைத்துவிடும். ஒரே நேரத்தில் மனதில் தாங்கிக்கொள்ளக்கூடியது மிகக் கொஞ்சம். வாய்விட்டுப் படித்தாலும் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும், அதுவும் சோதனைகளில் வந்திருக்கிறது.

மீதிப் பாதிக்கு என் வகுப்பிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு. (அ+ஆ) அடைப்பு வர்க்கம் என்ன என்றேன், அ வர்க்கம், இரண்டு அஆ, ஆ வர்க்கம் என்று ஐம்பது பேரும் ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள். சரி, 103-ஐ 103-ஆல் பெருக்கு, தாளில் எழுதாமல் சொல் என்றேன். சத்தமே இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு பெண் மட்டும் விரலால் பெஞ்சில் 100, 3 என்று எழுதிப் பார்த்துவிட்டு "10,609" என்றாள். மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் அதே வாய்ப்பாடு மனப்பாடம்தான், வேறு வழியில் கேட்டால் எடுக்க வரவில்லை. நான் சொல்வது எடுத்துப் பழகுவதை. ஒப்பிப்பது ஒரே வாசல் வழியாகப் போய் வருவது.

சரவணன், உங்களுக்கும் அதே பெண்தான் பதில். 103 என்பது 100-ம் 3-ம் என்று தோன்றுவதற்கு அந்த வாய்ப்பாடு தலைக்குள் இருக்க வேண்டும். எதைத் தேடுவது என்று கூகுள் சொல்லாது. நீங்கள் இருவரும் தனியாக ஒரு டீ சாப்பிடுங்கள்.

நந்தினி, பிளஸ் டூ: சாட்ஜிபிடியில் கணக்குப் போட்டுப் பழகலாமா சார்?

எப்படி என்பதைப் பொறுத்தது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆயிரம் பேர் அளவில் பார்த்தார்கள். சாட்ஜிபிடி மாதிரி, கேட்டதும் விடை தரும் வகையை வைத்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாக எடுத்தார்கள். அதைப் பிடுங்கிவிட்டுப் பரீட்சை வைத்ததும், அது இல்லாமலே படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவு. குறிப்பு மட்டும் கொடுக்கும் வகையில் அந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. ஆகவே முதலில் நீயே பத்து நிமிடம் முட்டிப் பார், அப்புறம் "அடுத்த படி மட்டும் சொல்" என்று கேள். போனில் என்றால், ராத்திரி படுக்கையில் வேண்டாம்.

ஐந்து பேர், ஏறக்குறைய இதே சொற்களில்: பையன் போனை விடமாட்டேன் என்கிறான், என்ன செய்வது?

ஈரோட்டுக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். முதலில் உங்கள் போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். அறுபது கேள்வியில் பதினான்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தவை.

பெயர் வேண்டாம்: போனை வாங்கினால் என்னை அடிக்கிறான். ஒரு வருஷமாக விளையாட்டுதான். பள்ளிக்கூடம் போவதில்லை.

இது என் கையில் இல்லை அம்மா. மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், தள்ளிப் போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ஒரு பிரிவு இருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை.

கோமதி, மறுபடியும்: நேற்று எழுதச் சொன்னேன். ஒளிச்சேர்க்கை பாடத்தில் நாலு வரிதான் வந்தது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு அழுகிறாள்.

நாலு வரி வந்ததா, நல்லது. பரீட்சையிலும் அந்த நாலு வரிதான் வந்திருக்கும், இப்போதே தெரிந்துவிட்டது. தாளை நீவி எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். வியாழக்கிழமை அதே பாடம், வேறு தாள். போன் அடுக்களையில்.