மலைப் பெயர் சொல்லும் ஆப்: ஆண்டுச் சந்தா கட்டலாமா?

கேள்வி: காவடிக்குப் போனபோது கோர் தெ கார் மலைக் கோயிலில் நின்று நிறையப் படம் எடுத்தேன். தூரத்தில் தெரிகிற மலைகளின் பெயரைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றிலும் பின்னால் ஒரு மலை நிற்கிறது. படத்தைப் போட்டால் பெயர் சொல்லும் ஆப் ஒன்றை இறக்கினேன். கொஞ்ச நாள் இலவசம், அப்புறம் ஆண்டுச் சந்தாவாம். கட்டலாமா?
— வாசகி, காத்ர் போர்ன், மொரீஷியஸ்

பதில்: வேண்டாம் அம்மா. முதல் வேலையாக, போனில் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோருக்குள் சந்தாப் பக்கத்தைத் திறந்து அதை ரத்து செய்யுங்கள். ஆப்பை அழித்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், அழித்தாலும் சந்தா ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐபோன் என்றால் இலவசக் காலம் முடியக் குறைந்தது 24 மணி நேரம் இருக்கும்போதே ரத்து செய்துவிட வேண்டும்.

இந்த ஆப்கள் பெரும்பாலும் முகத்தை அடையாளம் காண்பது போல மலையைப் பார்த்துப் பெயர் சொல்வதில்லை. நீங்கள் நின்ற இடம், கேமரா பார்த்த திசை இரண்டையும் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து மலை விளிம்பு எப்படித் தெரியும் என்று நில உயர அளவுகளை வைத்து ஒரு கோடு வரைந்து, அதில் வரைபடத்துப் பெயர்களை ஒட்டுகின்றன. அதனால் இடம் பிசகினால் பெயரும் பிசகும். நம் தீவில் மலைகள் கிட்டத்தில் இருப்பதால் இது இன்னும் முக்கியம்: 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற சிகரத்துக்கு 100 மீட்டர் பிசகு ஒன்றுமே இல்லை, ஒரு கிலோமீட்டரில் இருப்பதற்கோ கோடு ஆறு டிகிரி வரை நகர்ந்துவிடும். வாட்ஸ்ஆப்பில் படமாக வந்ததைப் போடாதீர்கள், அதில் இடக் குறிப்பு போயிருக்கும். எடுத்த போனில் இருக்கிற மூலப் படத்தையே போடுங்கள்.

இதே வேலையைச் செய்கிற பீக்ஃபைண்டர், பீக்வைசர் ஆப்கள் இரண்டுக்கும் இணையத்தில் இலவசப் பக்கம் உண்டு. வரைபடத்தில் அந்தக் கோயிலில் இடம் குறிக்கும் ஊசியை வைத்துத் தெற்கே திருப்பிப் பாருங்கள், த்ருவா மாமேல் மலையின் மூன்று முகடும் உங்கள் படத்தோடு பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் தேவைக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. வாங்கியே ஆக வேண்டும் என்றால் பீக்ஃபைண்டர் ஒரே தடவை பணம் கட்டி வாங்குவது, நெட் இல்லாமலும் ஓடும். பீக்வைசரின் முழு வசதிக்குச் சந்தா கேட்கும். இரண்டு மூன்று மலைக்காக வருஷா வருஷம் யார் கட்டுவது?

தாத்தா படத்தில் இடக் குறிப்பே இருக்காது, ஊசியை நீங்களேதான் வைக்க வேண்டும். அது போர்ட் லூயி பக்கம் எடுத்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆம் என்றால் அது லெ பூஸ் அல்லது பீட்டர் போத் மலையாக இருக்கலாம். லெ பூஸ் 812 மீட்டர், பீட்டர் போத் 820 மீட்டர், உயரத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. உச்சியில் தலை மாதிரி உருண்டைப் பாறை இருந்தால் அது பீட்டர் போத். ஆப் வரைகிற கோட்டில் அந்தப் பாறையைத் தேடாதீர்கள். ஆப் வைத்திருக்கிற நில உயர அளவுகள் பெரும்பாலும் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான், அவ்வளவு சின்னது அதில் விழாது. படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாலேயே பாருங்கள்.