இல்லை எண்டு சொன்னாலும் விடாமக் கேக்கிற பிள்ளை

கேள்வி: டொக்டர், நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். மகனுக்கு நாலு வயசு. கடையில டொபி, வீட்டில ஃபோன், எதுக்கு இல்லை எண்டாலும் அரை மணித்தியாலம் சிணுங்கிச் சிணுங்கிக் கேட்டு ஒரே ஆக்கினை. அடிச்சும் பாத்திட்டன். மாமி "பிள்ளைய அழ விடாத, குடு" எண்டுறா. இது ஏதும் வருத்தமோ?

பதில்: வருத்தம் இல்லைத் தங்கச்சி. முக்கால்வாசி நாங்கள் பழக்கின பழக்கம். நாங்கள் எண்டு சேத்துத்தான் சொல்லுறன், ஏனெண்டா ஒருக்கா முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில பஸ் நிக்கேக்க என்ர மகள் விளையாட்டுக் கார் ஒண்டு கேட்டு அழுதவ, கச்சான் வாங்கித் தந்தாச்சு கார் இல்லை எண்டு ரெண்டு மூண்டு தரம் சொன்னன், பிறகு கும்பிட வந்த சனமெல்லாம் திரும்பிப் பாக்க வெக்கத்தில வாங்கிக் குடுத்திட்டன். அடுத்த பயணம் மாங்குளம் தாண்டேக்கையே சிணுங்கத் தொடங்கிட்டா.

வவுனிக்குளத்தில தூண்டில் போட்டுக்கொண்டு இருக்கிறவையப் பாருங்கோ. ஒவ்வொரு தரமும் மீன் படுறேல்ல, எப்பவாவது ஒண்டு படும், அதுக்காக வெயிலுக்க நாள் முழுக்க இருப்பினம். ஒரு நாளும் படாட்டி எழும்பிப் போயிருப்பினம். ஸ்கின்னர் எண்ட அமெரிக்க உளவியலாளர் எலியையும் புறாவையும் வைச்சுக் காட்டினதும் இதைத்தான், எப்பவும் கிடைக்கிறதை விட இடைக்கிடை கிடைக்கிறதைத்தான் விடுறது கஷ்டம். நீங்கள் பத்தாவது தரம் குடுத்தா, பத்துத் தரம் கேக்கவேணும் எண்டு அவன் படிச்சிடுவான்.

அதால, குடுக்கிறதெண்டா முதல் தரம் கேக்கேக்கையே குடுங்கோ. இல்லையெண்டா ஒருக்காச் சொல்லுங்கோ, ஏன் எண்டு ஒரு வசனம், அதோட சரி. பிறகு வாதாடாதேங்கோ, கத்தாதேங்கோ, பக்கத்திலயே இருந்து உங்கட வேலையப் பாருங்கோ. குரலை இறக்கிச் சாதாரணமாக் கதைச்ச உடன திரும்பி முகம் குடுத்துக் கதையுங்கோ, இதைத்தான் கனபேர் மறந்து போறவை. கொஞ்ச நாளைக்கு முன்னையை விடக் கூடத்தான் அழுவான். அந்த நேரம் பாத்துக் குடுத்தா, பெரிசாக் கத்தினாத்தான் கிடைக்கும் எண்டு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி. அடி வேண்டாம், அடிச்ச கவலையில பிறகு நீங்களே ஃபோனை எடுத்துக் குடுப்பியள் எண்டுதான் எனக்கு நினைப்பு.

மாமியோட சண்டைக்குப் போகாதேங்கோ. 2009இல சண்டை முடியிற நேரம் வட்டுவாகல் பாலம் கடந்து வந்த சனத்துக்குப் பிள்ளை அழுற சத்தம் வேற மாதிரித்தான் கேக்கும், பசியெண்டு அழுத பிள்ளைக்குக் குடுக்க ஒண்டும் இல்லாம இருந்தவை. என்ர அம்மாவும் அப்பிடித்தான், பேரப்பிள்ளை வாயைத் திறந்தாப் போதும் பிஸ்கட் பெட்டி வந்திடும். அவவிட்ட இப்பிடிச் சொல்லிப் பாருங்கோ: மாமி, மடியில வைச்சிருங்கோ, தடவுங்கோ, கதை சொல்லுங்கோ, ஃபோனை மட்டும் குடுக்காதேங்கோ. அழ விட்டிட்டுப் போறதில்லையே, அவவுக்கும் மனம் ஆறும்.

சிணுங்கிற நேரத்தையும் ஒருக்காக் கவனியுங்கோ. முன்பள்ளி விட்டு வந்த உடனயெண்டா பசியா இருக்கும், பின்னேரமெண்டா நித்திரைத் தூக்கம். இந்த வயசுக்கு ஒரு நாளைக்கு 10 தொடக்கம் 13 மணித்தியாலம் நித்திரை வேணும். ஃபோன், டிவி எல்லாம் சேத்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேண்டாம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

ஆனா அழேக்க மூச்சடங்கி நீலமாப் போறானெண்டா, மண் தின்னுறானெண்டா, வெளிறின மாதிரி இருந்தா இரும்புச்சத்துக் குறைவோ எண்டு ரத்தம் பாக்கவேணும். நாலு வயசிலயும் மூண்டு நாலு சொல்லுச் சேத்துக் கதைக்காம அழுதுதான் கேக்கிறானெண்டாலும் காது, பேச்சு ரெண்டையும் சோதிக்கவேணும். வரேக்க அவன்ர கிளினிக் கொப்பியையும் கொண்டு வாங்கோ.