பற்பசையிலும் அணுகுண்டுச் சாம்பலிலும் ஒரே ஸ்ட்ரான்ஷியமா?

கேள்வி: பல் கூச்சத்துக்காக வாங்கிய பற்பசையின் அட்டையில் ‘ஸ்ட்ரான்ஷியம் குளோரைடு’ என்று இருந்தது. அணுகுண்டுச் சோதனைகளால் குழந்தைகளின் பற்களில் படிந்ததும் ஸ்ட்ரான்ஷியம்தான் என்று படித்திருக்கிறேன். இரண்டும் ஒன்றா? (ஒரு வாசகி, கரூர்)

பதில்: தனிமம் ஒன்றுதான், அணுவகை வேறு. இயற்கையில் கிடைக்கும் ஸ்ட்ரான்ஷியத்தில் பெரும்பகுதி ஸ்ட்ரான்ஷியம்-88. அதற்குக் கதிரியக்கம் கிடையாது. பற்பசையில் சேர்ப்பது இந்த இயற்கை ஸ்ட்ரான்ஷியத்தின் உப்பையே என்பதால் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. நீங்கள் படித்தது, யுரேனியமும் புளுட்டோனியமும் பிளவுறும்போது உருவாகும் ஸ்ட்ரான்ஷியம்-90 பற்றியது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 29 ஆண்டுகள்.

தனிம அட்டவணையில் கால்சியத்துக்கு நேர் கீழே இருப்பதால், ஸ்ட்ரான்ஷியம் உடலுக்குள் சென்றதும் கால்சியம் போகும் வழியிலேயே போய் எலும்பிலும் பல்லிலும் குடியேறிவிடுகிறது. சோதனைத் தூசி மழையோடு புல்லில் இறங்கி, பசுவின் பால் வழியாகக் குழந்தைகளை அடைந்தது இப்படித்தான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 டிசம்பரில் தொடங்கிய ஆய்வு ஒன்று, லூயீஸ் ரைஸ் என்ற பெண் மருத்துவரின் தலைமையில், விழுந்த பால் பற்களைப் பெற்றோரிடம் கேட்டுப் பெற்றது. 1970 வரை சேர்ந்தவை ஏறத்தாழ 3,20,000. பல்லைக் கொடுத்த குழந்தைக்கு, அறிவியலுக்குத் தன் பல்லைக் கொடுத்ததாகச் சொல்லும் சட்டைப் பொத்தான் ஒன்று பரிசு!

பல்லைத் தேர்ந்ததில் நுட்பமான காரணம் உண்டு. எலும்பு வாழ்நாள் முழுதும் கரைந்து புதுப்பிக்கப்படுகிறது. பால் பல்லின் மேற்பகுதியோ கருவிலிருந்து ஏறத்தாழ முதல் வயது வரை உருவாகி, அக்காலத்துப் பதிவை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆனால் அதைப் படிப்பது எளிதன்று. ஸ்ட்ரான்ஷியம்-90 வெளியிடுவது பீட்டா கதிரை மட்டுமே. அது உடலைத் தாண்டி வெளியே வராததால், உடலை ஊடுருவி வெளிவரும் காமா கதிரைத் தரும் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளை அளப்பதுபோல் ஒருவரைக் கருவியின் முன் நிறுத்தி நேரடியாக அளந்துவிட முடியாது. பல்லைச் சாம்பலாக்கி, ஸ்ட்ரான்ஷியத்தை வேதிமுறையில் பிரித்து, அது சிதைந்து உண்டாகும் இட்ரியம்-90 என்ற கதிரியக்கத் தனிமம் போதிய அளவு உருவாகும் வரை இரண்டு வாரங்கள் போலக் காத்திருந்து, அந்த இட்ரியத்தின் கதிரை எண்ணுவது வழக்கமான முறைகளில் ஒன்று. 1950இல் பிறந்தவர்களைவிட 1963இல் பிறந்தவர்களின் பற்களில் ஸ்ட்ரான்ஷியம்-90 சுமார் 50 மடங்கு கூடியிருந்தது. வான்வெளிச் சோதனைகளைத் தடுக்கும் உடன்படிக்கை மாஸ்கோவில் கையெழுத்தானதும் அந்த 1963இல்தான்.

கேள்வி: அப்படியானால் செயற்கை எலும்புப் பொருள்களில் ஸ்ட்ரான்ஷியத்தை ஏன் சேர்க்கிறார்கள்? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கால்சியத்தின் இடத்தில் அமரும் அதே குணத்துக்காகத்தான், சேர்ப்பது கதிரியக்கமற்ற வகையை. எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டிலும் எலும்போடு பிணையக்கூடிய உயிரியக்கக் கண்ணாடியிலும் கால்சியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக இதைப் புகுத்தினால், எலும்பை உருவாக்கும் செல்கள் ஊக்கம் பெறுவதும் கரைக்கும் செல்கள் அடங்குவதும் ஆய்வகங்களில் காணப்பட்டுள்ளன. ஆனால் உள்வைத்த இடத்தில் மெல்லக் கசிவது வேறு, மாத்திரையாக உடல் முழுதும் பரவுவது வேறு. எலும்புத் தேய்மானத்துக்கு ஐரோப்பாவில் 2004இல் அனுமதி பெற்ற ஸ்ட்ரான்ஷியம் ரானிலேட், இதய பாதிப்பு அபாயத்தால் பின்னர் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதை உட்கொண்டவர்களின் எலும்பு அடர்த்திப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் இருந்தது: கால்சியத்தைவிடக் கனமான அணு எக்ஸ் கதிரை அதிகம் உறிஞ்சுவதால், எலும்பு உண்மையில் தேறியதைக் காட்டிலும் கூடுதலாகத் தேறிவிட்டதாக எண்கள் காட்டின.