கமிஷன் தனித்தனி, முடிவு மட்டும் கூட்டா?

கேள்வி: ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துகிறோம். விற்பனை பார்க்கும் தம்பிக்கு ஆர்டருக்கு இவ்வளவு என்று கமிஷன். மேஸ்திரிக்குக் கல் எண்ணிக் கூலி. கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு மாதச் சம்பளம். திங்கள்தோறும் உட்கார்ந்து பேசித்தான் ஆர்டர் எடுக்கிறோம். எல்லோரும் சரி என்கிறார்கள். அப்புறம் தேதி தவறுகிறது, கல் திரும்பி வருகிறது. யார் பொய் சொல்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: யாரும் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான்.

கிரகப்பிரவேச நாள் குறித்தாகிவிட்டது என்று தம்பிக்குத் தெரியும். சொன்னால் ஆர்டர் கைநழுவும். இந்த முறை வந்த நிறப்பொடி சரியில்லை என்று மேஸ்திரிக்குத் தெரியும். வார்ப்பை நிறுத்தினால் அவர் கூலிதான் போகும். அந்த வீட்டுக்காரர் பழைய பாக்கி வைத்திருப்பது அக்காவுக்குத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை. கல்லோ தொட்டியில் ஊறி, காய்ந்துதான் வரும். அதை அவசரப்படுத்த முடியாது.

தனி ஆதாயம் குறுக்கே நிற்காதபோதே இப்படி நடக்கும். 1985-இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களைக் குழுக்களாக உட்கார வைத்து, ஒரு தேர்தலுக்கு நல்ல வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அவருடைய சிறப்புகளை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசி, பெரும்பாலான குழுக்கள் அவரைக் கோட்டைவிட்டன. இங்கே கமிஷனும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

அதனால் கமிஷனை ஆர்டர் பிடித்த அன்று கொடுக்காதீர்கள். கல் பதித்து, பணம் வந்தபின் கொடுங்கள். மேஸ்திரிக்குத் தேறிய கல்லுக்கு மட்டும் கூலி. அதோடு, சொன்ன தேதியில் போன ஆர்டருக்கு மூவருக்கும் ஒரு பொதுத் தொகை.

எல்லாவற்றையும் பொதுவாக்கிவிடவும் வேண்டாம். ஆள் கூடக்கூடக் கயிற்றை ஒவ்வொருவரும் இழுக்கும் பலம் குறைவதை ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுக்காரர் 1913-இலேயே எழுதியிருக்கிறார். நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணிப் பங்கு வாங்குவது உங்களுக்குத் தெரியாததா? காரியம் பொது, பங்கு மட்டும் தனி.

திங்கட்கிழமை நீங்கள் முதலில் வாய் திறக்காதீர்கள். முதலாளி ஆசை தெரிந்தால் தலைகள் தானாக ஆடும். “என்ன சொல்றீங்க?” என்று கேட்காமல், “இந்த ஆர்டர்ல உங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்ன?” என்று அக்காவிலிருந்து தொடங்குங்கள். மேஸ்திரி காரணத்தோடு வேலையை நிறுத்தச் சொன்னால் அன்றைக்கு அரைக்கூலியாவது கொடுங்கள். திரும்பி வரும் கல்லுக்கான வண்டி வாடகையை நினைத்தால் அது பெரிய காசில்லை.