டேங்க் நிறைந்தால் யார் ஓடுகிறார்கள்?

வணக்கம் சார்,

நான் படித்தது பி.காம். கூட்டுறவு வங்கியில் வேலை. போன தீபாவளி போனஸில் ஒரு ஆர்டுயினோ யூனோ கிட் (நிரல் எழுதி விளக்கு, சென்சார்களை இயக்கும் சிறு எலக்ட்ரானிக் பலகை) வாங்கினேன். எல்இடியை மினுக்கவிட்டேன், டிராபிக் சிக்னல் செய்தேன், கைதட்டினால் எரியும் விளக்கு செய்தேன். எல்லாவற்றையும் செய்த அன்றே பிரித்தும் போட்டுவிட்டேன். இப்போது கிட் பீரோவின் மேல் தூங்குகிறது. இணையத்தில் 'நூறு புராஜெக்ட்' பட்டியல்களைப் பார்த்தால் எதிலும் கை வைக்கத் தோன்றவில்லை. "யாராவது பள்ளிக்கூடப் பையனுக்குக் கொடுத்துவிடுங்களேன்" என்கிறார் மனைவி. எலக்ட்ரானிக்ஸ் படிக்காத ஆள் வீட்டில் செய்கிற மாதிரி, கொஞ்சம் புதுசாக நாலு யோசனை சொல்ல முடியுமா? வைஃபை உள்ள ஈஎஸ்பி32 பலகை வாங்கினால் ஆர்வம் திரும்புமா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: திரும்பாது. பீரோவின் மேல் ஒரு பெட்டி இருந்த இடத்தில் இரண்டு பெட்டி இருக்கும், அவ்வளவுதான்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கவில்லை என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா என்ற சிறு ஊரில், ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் பிறந்தது. சர்க்யூட் தெரியாத டிசைன் மாணவர்கள் நினைத்ததைச் செய்து பார்க்க வேண்டும் என்றுதான் அதை உருவாக்கினார்கள். (பெயர் கிடைத்தது அவர்கள் போய்வந்த மதுக்கடையிலிருந்து. அந்தக் கடைக்குப் பெயர் வந்தது ஒரு பழைய ராஜாவிடமிருந்து.) ஆகவே பி.காம். போதும்.

நீங்கள் செய்த மூன்றையும் அன்றே பிரித்ததில் ஆச்சரியமில்லை. பிரித்தபோது வீட்டில் யாராவது "ஐயோ, அதை ஏன் எடுத்தாய்?" என்று கேட்டார்களா? சுவிட்ச் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது கைதட்டி விளக்கேற்ற யாருக்கும் அவசியமில்லை. போனைத் தேடி, பூட்டைத் திறந்து, ஆப்பைத் தட்டி ஃபேனை நிறுத்துகிற புராஜெக்டுகளும் எனக்கு அந்த ரகம்தான்.

பட்டியல்களை மூடிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். யார் எதற்குக் காவல் இருக்கிறார்கள்? டேங்க் நிறைந்து வழியும் சத்தம் கேட்டு மோட்டாரை நிறுத்த ஓடுவது யார்? டிவி பார்த்துக்கொண்டே "எத்தனை விசில் ஆச்சு?" என்று கேட்பது யார்? மாடியில் வடகம் காயும்போது வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பது யார்? அந்தக் காவலில் ஒன்றை உங்கள் யூனோவிடம் ஒப்படைக்க முடிந்தால் அது பீரோவின் மேல் ஏறாது.

என் முதல் காவல் டேங்க். அதில் மூன்று முறை தோற்றேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எல்லோரையும் போல, இரண்டு கண் வைத்த எச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சாரை டேங்க் மூடியின் அடியில் ஒட்டினேன். அது 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை அளக்கும். போய்வர 58 மைக்ரோவிநாடி ஆனால் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று கணக்கு. வெயிலில் காற்று சூடேறினால் ஒலி வேகமாகப் போகும். 20 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் மூன்றரை சதவீதம் வித்தியாசம். ஒரு மீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர் பிசகு. இதைத் திருத்த வெப்ப சென்சார் ஒன்றைச் சேர்த்து, சூத்திரமெல்லாம் எழுதி, இரண்டு வாரம் பெருமையாக இருந்தேன். மூன்றாம் மாதம் மூடிக்கு அடியில் வியர்த்த நீர் அதன் கண்ணுக்குள் இறங்கியது. அன்றிலிருந்து டேங்க் எப்போதும் நிறைந்தே இருந்தது, சென்சாரைப் பொறுத்தவரை.

அப்புறம் தண்ணீரில் இரண்டு திருகாணிகளை விட்டு, இடையே மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கும் பழைய முறை. ஐந்து வோல்ட்டை இடைவிடாமல் கொடுத்துவைத்தேன். மின்பகுப்பு தன் வேலையைக் காட்டி ஒரு திருகாணியைத் தின்றுவிட்டது. அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தோம். அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்து, துருப்பிடிக்காத எஃகு போட்டால் பல நாள் வரும். ஆனால் அதற்குள் எனக்கு மனம் விட்டுப்போயிற்று.

கடைசியில் வென்றது மிதவை சுவிட்ச். விலை மலிவு. உள்ளே ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் அருகே வந்தால் மூடும் சுவிட்ச்), வெளியே காந்தம் வைத்த மிதவை. தண்ணீர் தூக்கினால் மூடும், இறங்கினால் திறக்கும். ஒரு பிவிசி குழாயின் மேலே ஒன்று, கீழே ஒன்று பொருத்தி டேங்குக்குள் தொங்கவிடுங்கள். டேங்கில் ஓட்டை போட வேண்டியதில்லை. அங்கிருந்து, யூனோவும் மணியும் இருக்கும் சமையலறைவரை சாதாரண டெலிபோன் வயர் போதும். சுவிட்ச் திறந்திருக்கும்போது உள்ளீட்டை 5 வோல்ட்டில் பிடித்துவைக்க யூனோவுக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோ ஓம்வரை. அவ்வளவு நீள வயருக்கு அது பலவீனம், பக்கத்து வீட்டு மிக்சி ஓடினாலும் மணி அடிக்கலாம். வெளியே ஒரு 4.7 கிலோ ஓம் போட்டேன், அடங்கியது. தண்ணீர் விழும்போது மிதவை தளும்பி சுவிட்ச் மூடித்திறக்கும். ஐந்து விநாடி தொடர்ந்து மூடியிருந்தால்தான் நம்பு என்று நிரலில் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது தோல்வி ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். மணி அடித்தால் போதாது, மோட்டாரே நிற்கட்டும் என்று '10 ஆம்பியர்' என்று எழுதிய நீல நிற ரிலே மாட்யூலை மோட்டாருக்குப் போட்டேன். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு. ரிலேயின் உள்முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. நிறுத்து என்று யூனோ சொல்கிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்லவேளை, ஆள் வீட்டில் இருந்தேன். 230 வோல்ட் பக்கம் நீங்கள் போகவே வேண்டாம். மணி அடிக்கட்டும், கை போய் நிறுத்தட்டும். மோட்டார் தானாக நின்றே ஆகவேண்டும் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கான்டாக்டர் (மோட்டார் தாங்கும் பெரிய ரிலே) போடச் சொல்லுங்கள்.

புதுசாக வேண்டும் என்றீர்கள். அப்படியானால் விசில் எண்ணும் பெட்டி. கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும், செய்யப்போனால் ஒரு மாதம் ஓடும். ஆம்ப்ளிஃபயரோடு வரும் சிறிய மைக் மாட்யூலை வாங்கி யூனோவின் அனலாக் பின்னில் (ஏறி இறங்கும் வோல்டேஜை அளக்கும் முனையில்) கொடுங்கள். சத்தம் வந்தால் ஒன்று கூட்டு என்று எழுதினால் மிக்சி, தாளிப்பு, அழைப்பு மணி எல்லாம் விசிலாகிவிடும். விசிலுக்கு ஒரு சுருதி உண்டு, மிக்சிக்கு இரைச்சல்தான். ஒலி அலை ஒரு விநாடியில் எத்தனை முறை நடுக்கோட்டைக் கடக்கிறது என்று எண்ணினால் இரண்டும் பிரிந்துவிடும். யூனோ விநாடிக்குச் சுமார் 10,000 அளவுகள்தான் எடுக்கும். அதில் பாதிக்கு மேல் போகும் அதிர்வெண்ணைத் தப்பாகத்தான் எண்ணும். ஆகவே முதலில் உங்கள் வீட்டு விசிலைப் போனில் பதிவு செய்து, அதிர்வெண் காட்டும் ஏதாவது ஓர் ஆப்பில் பார்த்துவிடுங்கள். இரண்டு விநாடியாவது நீடித்தால், அதன்பின் பத்து விநாடி அமைதி இருந்தால், ஒன்று. இந்த எண்களை வைத்துக்கொண்டு தினமும் சமையலறையில் நின்று திருத்த வேண்டும். மனைவியின் கருத்து மாறுவதும் மாறாததும் இதில்தான்.

இன்னொன்று, கரன்ட் போன கணக்கு. டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூல், பட்டன் பேட்டரியோடு. வருஷத்துக்கு ஒரு நிமிஷம்தான் பிசகும். யூனோ நிமிஷத்துக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன்' என்று தன் ஈஈப்ராமில் (கரன்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) நேரத்தை எழுதிக்கொண்டே இருக்கும். கரன்ட் போனால் அதுவும் செத்துவிடும். திரும்ப வந்ததும் கடைசியாக எழுதிய நேரத்தையும் கடிகாரத்தையும் ஒப்பிட்டால், எவ்வளவு நேரம் இல்லை என்று தெரியும். வங்கிக்காரர் நீங்கள், உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஒரு பொறி இருக்கிறது: ஈஈப்ராமின் ஓர் இடத்தில் ஒரு லட்சம் தடவைவரைதான் எழுதலாம் என்று உத்தரவாதம். நாளுக்கு 1,440 நிமிஷம், 69 நாளில் அது தீர்ந்துவிடும். இடத்தை மாற்றி மாற்றிச் சுற்றி எழுதுங்கள். இருப்பது 1,024 பைட்; நேரத்துக்கு நாலு பைட் என்றால் 256 இடம். அப்புறம் உங்கள் காலத்துக்குக் கவலையில்லை.

அதே கடிகாரத்தை வைத்து மாத்திரைப் பெட்டி ஒன்று. மூடியில் காந்தம், உடம்பில் ரீட் சுவிட்ச். எட்டரை மணிவரை திறக்கவில்லை என்றால் டிஎஃப்பிளேயர் மினி என்ற சிறு பலகை, மெமரி கார்டிலிருந்து குரலை ஒலிக்கும். என் அம்மாவுக்குச் செய்தபோது முதலில் பஸ்ஸர் வைத்தேன், பிளக்கையே பிடுங்கிவிட்டார். பேத்தியின் குரலில் "பாட்டி, மாத்திரை" என்று மாற்றினேன், இப்போது அதைக் கேட்பதற்காகவே எட்டரை ஆகட்டும் என்று காத்திருக்கிறார். திறந்தது மட்டும்தான் பெட்டிக்குத் தெரியும், விழுங்கினாரா என்று தெரியாது. அதற்கு நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வடகத்துக்கு மழை சென்சார் ஒன்று, பஸ்ஸர் ஒன்று. ஒரு மாலையில் முடிந்துவிடும். சென்சார் தகடு ஒரு மழைக்காலத்தில் பச்சையாகிவிடும், மலிவுதான், மாற்றிக்கொள்ளலாம்.

டேங்கிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ஈஎஸ்பி32 அதற்கப்புறம், அலுவலகத்தில் இருக்கும்போது போனில் செய்தி வேண்டும் என்று உண்மையாகவே தோன்றினால். அது 3.3 வோல்ட் ஆசாமி, உங்கள் கிட்டில் இருக்கும் 5 வோல்ட் சென்சாரை நேராகக் கொடுத்தால் அதன் முனை பழுதாகலாம்; இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைக்க வேண்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. பிரெட்போர்டிலேயே (வயரைச் செருகி மட்டும் வைக்கும் பலகையிலேயே) மாட்டிவைக்காதீர்கள், வயர் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். ஜீரோ பிசிபியில் (ஓட்டைகள் போட்ட வெற்று சர்க்யூட் பலகையில்) சால்டர் செய்து, எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் பிவிசி ஜங்ஷன் பாக்ஸில் அடைத்து, பழைய போன் சார்ஜரில் ஓட்டுங்கள். டேங்க் பக்கத்தில் வயரை இணைக்கவும் ஒரு பாக்ஸ் வேண்டும். அதில் வயர் நுழையும் ஓட்டையை அடிப்பக்கம் போடுங்கள். நான் மேல்பக்கம் போட்டேன், முதல் மழையிலேயே பெட்டிக்குள் இன்னொரு டேங்க்.