உங்கள் ரத்தம் கொசுவின் வயிற்றுக்குள் என்ன செய்கிறது?

மழை தொடங்கினால் நீலகிரியில் எனக்கு வரும் கடிதங்களில் மலேரியா எட்டிப் பார்த்துவிடும். இந்த முறை ஐந்து கேள்விகள்.

"மாமனாருக்கு எழுபது வயது. 'எங்க உடம்பு மலேரியாவுக்குப் பழகிடுச்சும்மா' என்று கொசுவலையைத் தொட மாட்டேன் என்கிறார். அப்படிப் பழகுமா டாக்டர்?" – மசினகுடி வாசகி

பழகும். ஆனால் பழக்கம் விட்டுப்போகவும் செய்யும். திரும்பத் திரும்பக் கடிபட்டு வளர்ந்த உடம்பு கிருமியை அடியோடு விரட்டுவதில்லை, அடக்கி வைத்துக்கொள்கிறது. 1961ல் வெளியான காம்பியா ஆய்வில், பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை மலேரியா கண்ட குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். ரத்தத்தில் கிருமி மளமளவெனக் குறைந்தது. ஆக, மாமனார் சொல்வது கட்டுக்கதை இல்லை. ஆனால் அவருடைய சிறுவயதில் கடித்த கொசுக்கள் கொடுத்த சக்தி, வருடக்கணக்கில் கிருமி உள்ளே வராமலிருந்தால் கரைந்துவிடும். இன்னொன்று: காய்ச்சலே இல்லாமல் ரத்தத்தில் கிருமியோடு நடமாடுபவரைக் கடிக்கும் கொசு, அடுத்துப் பேரப்பிள்ளையைத் தேடி வரலாம். பேரனைச் சொல்லிக் கேளுங்கள், வலைக்குள் படுத்துவிடுவார்.

"எங்கள் சனத்தில் சிலருக்கு சிக்கிள் செல் இருக்கிறது. அது இருந்தால் மலேரியா வராதாமே?" – கூடலூர் பக்கத்திலிருந்து ஒரு பணியர் இளைஞர்

பாதி சரி. சிக்கிள் செல் என்பது சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகும் மரபணுக் கோளாறு. இந்தியாவில் அது இருப்பதை லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952ல் முதலில் எழுதியதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களைப் பரிசோதித்துத்தான். அதற்கு மலேரியாவோடு உள்ள உறவை 1954ல் ஆப்பிரிக்காவில் ஆலிசன் காட்டினார். அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருந்தால், ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா உயிருக்கு ஆபத்தாக முற்றுவது வெகுவாகக் குறைகிறது. தொற்று வரவே வராது என்பதில்லை. இருவரிடமிருந்தும் வந்திருந்தால் கதையே வேறு: அது நோய், அவர்களுக்கு மலேரியா வந்தால் இன்னும் மோசம். கல்யாணத்துக்கு முன் இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இருவருமே மரபணுவைச் சுமப்பவர்களானால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

"நம் ரத்தத்திலுள்ள எதிர்ப்பு சக்தி கொசுவின் வயிற்றுக்குள்ளும் வேலை செய்யுமா சார்?" – கோத்தகிரி, பிளஸ் டூ மாணவி

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளம்மா.

செய்யும். நம் உடம்பில் மலேரியாக் கிருமியின் ஆண், பெண் வடிவங்கள் சிவப்பணுவுக்குள் ஒளிந்திருக்கின்றன. கொசு உறிஞ்சியதும் சூடு குறைகிறது. அது அவற்றுக்கு ஒரு சமிக்ஞை. கால் மணி நேரத்துக்குள் சிவப்பணுவைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகின்றன; ஓர் ஆண் வடிவம் எட்டு இழைகளாகப் பிரிந்து பெண்ணைத் தேடி நீந்துகிறது. சட்டையைக் கழற்றி நிற்கும் நேரம் அது. கொசு குடித்த ரத்தத்தில் நம் ஆன்டிபாடியும் சேர்ந்தேதானே போயிருக்கிறது? கிருமியின் மேலுள்ள புரதங்களில் அது ஒட்டிக்கொண்டால் சேர்க்கை நடக்காது. கொசு பிழைத்துக்கொள்ளும், கிருமிக்கு வாரிசு இருக்காது.

இதைச் சோதிக்கும் விதம் வேடிக்கையானது. நான் ஓர் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறேன். சின்னக் கண்ணாடிக் குப்பியில் ரத்தம், சுற்றிலும் 37 டிகிரியில் வெந்நீர், அடியில் மெல்லிய சவ்வு. கீழே வலை கட்டிய காகிதக் கப்பில் பசித்த கொசுக்கள், சவ்வைத் தோல் என்று நம்பிக் குடிக்கும். ஒரு வாரம் கழித்து ஊசி முனையால் கொசுவின் வயிற்றைப் பிரித்து, சாயம் ஏற்றி, சுவரில் கிருமிக் கட்டிகளை எண்ணுவார்கள். ரவை தூவியது போல இருந்தால் தடுப்பு இல்லை. சுவர் வெறுமையாக இருந்தால் ரத்தம் வேலை செய்திருக்கிறது.

இயற்கையாக வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா கண்டவர்களிடம் இந்த சக்தி உண்டாவதை இலங்கையில் கமினி மென்டிஸ் குழு 1987ல் காட்டியது. ஆனால் இது நீடிப்பதில்லை. ஆன்டிபாடி மிகக் குறைவாக இருக்கும்போது சில சமயம் கிருமிக்கு உதவியாகவே முடிந்ததையும் அங்கேயே கண்டார்கள். இதை நம்பித் தடுப்பூசி செய்யும் முயற்சி இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான். ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு இப்போது போடுவது வேறு வகை, கொசு கடித்து உள்ளே வரும் கிருமியைத் தடுப்பது.

"ஊட்டியில் மலேரியா உண்டா?" – ஃபிங்கர்போஸ்ட் வாசகர்

2240 மீட்டர் உயரக் குளிரில், கொசுவுக்குள் கிருமி வளர்வது இழுத்துக்கொண்டே போகும். அதற்குள் கொசுவின் ஆயுள் முடிந்துவிடும். ஊட்டியில் ஒருவருக்கு மலேரியா என்றால், சமவெளிக்குப் போய் வந்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். மலை இறங்கினால் நிலைமை மாறும். 1897ல் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ், அதற்கு முன் ஊட்டிப் பக்கம் வந்தபோது, தானே மலேரியாவில் படுத்தவர். மலேரியா மருந்தான குயினைனுக்காக சிங்கோனா மரம் வளர்த்ததும் இந்த மலைதான், நடுவட்டத்தில்.

"மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. பதினாலு நாள் மாத்திரை எதற்கு? பாதியில் நிறுத்திவிட்டேன்." – பந்தலூர்

வைவாக்ஸ் கிருமி ஈரலில் தூங்கும். முதல் மூன்று நாள் குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும். இந்த இரண்டில் ஈரலில் தூங்குவதைக் கொல்வது பிரைமாகுயின்தான். விட்டுவிட்டால் மாதங்கள் கழித்து எழுந்து வரும். வைவாக்ஸில் கொசுவுக்குப் போகும் வடிவங்கள் சீக்கிரமே ரத்தத்தில் வந்துவிடும் என்பதால், நீங்கள் டாக்டரைப் பார்க்கும் முன்பே கொசு உங்களைப் பார்த்திருக்கும். மாத்திரையால் சிறுநீர் கறுத்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு ஓடி வர வேண்டும். ஜி-6-பி-டி என்ற நொதி குறைந்தவர்களுக்கு அது ஆகாது. கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. மற்றபடி மிச்சமிருக்கும் அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எத்தனை நாள் விட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.